வெங்காயத் தோட்டங்களில் முன்னாள் போராளிக் குடும்பங்கள்

ஆயுதத்தைக் கீழே வைத்தவர்கள் கமத்துக்குத் திரும்புவது உலகெங்கும் உள்ள பழைய வழக்கம். படிப்புப் பாதியில் நின்றிருக்கும். தொழில் பழக வேண்டிய வயது களத்தில் கழிந்திருக்கும். கடை போட முதல் இராது. மண்வெட்டி ஒன்றும் உறவினர் விட்டுக்கொடுக்கும் துண்டுக் காணியும் இருந்தால் அடுத்த நாளே வேலையைத் தொடங்கலாம். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் 2009இல் போர் முடிந்தபின் இப்படித் தோட்டத்திலும் வயலிலும் இறங்கிய முன்னாள் போராளிகள் பலர். திருகோணமலை நகருக்கு வடக்கே நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என நீளும் கரையோரத்தில் தோட்டம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சின்ன வெங்காயம். அந்தப் பயிரைத் தனி ஆளாகச் செய்ய முடியாது. தாய், மனைவி, மாமனார், மச்சான் என்று வீடே இறங்க வேண்டும். புனர்வாழ்வு பற்றிய அறிக்கைகள் போராளிகளைத் தலைக்கணக்கில் எண்ணின. அவர்களைக் கமக்காரர்களாக நிலைநிறுத்திய வீட்டாரின் உழைப்பை உரிய அளவில் பதியவில்லை.

திருகோணமலை மாவட்டத்துக்கு முன்னாள் போராளிகள் ஒரே காலத்தில் திரும்பியவர்கள் அல்லர். விடுதலைப் புலிகள் இயக்கத்தின் கிழக்குப் பிரிவு 2004 மார்ச்சில் தளபதி கருணாவின் தலைமையில் பிரிந்தது. அடுத்த மாதம், பெரிய வெள்ளியன்று, மாவட்டத்தின் தெற்கெல்லையான வெருகல் ஆற்றங்கரையில் இரு தரப்புக்கும் இடையே சண்டை மூண்டது. அதன்பின் அந்தப் பிரிவு கலைக்கப்பட்டு, பெருந்தொகையான இளைஞரும் யுவதிகளும் வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் பலர் பதினெட்டு வயதை எட்டாதவர்கள். 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டபோது போர் மறுபடி முழு வேகம் கொண்டது. வயலுக்குப் போகும் தண்ணீர் தொடர்பான அந்தப் பிணக்கின் சூட்டைத் தமிழ், சிங்கள, முஸ்லிம் கமக்காரர்கள் எல்லோருமே அனுபவித்தனர். 2007 ஜூலையில் கிழக்கு முழுவதும் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தது. வன்னியில் 2009 மே மாதம் போர் முடிந்தபோது சுமார் 12,000 பேர் சரணடைந்தோ பிடிபட்டோ தடுத்துவைக்கப்பட்டனர். அவர்களில் 594 பேர் சிறுவர்கள். வன்னிக்குப் போயிருந்த திருகோணமலைப் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர்.

இவர்களுக்காகப் புனர்வாழ்வு ஆணையாளர் நாயகம் பணியகம் வவுனியா பூந்தோட்டம், வெலிக்கந்தை, கந்தக்காடு முதலிய இடங்களில் நிலையங்களை நடத்தியது. தச்சு, மேசன் வேலை, தையல், விவசாயம் ஆகியவற்றில் பயிற்சி கொடுக்கப்பட்டது. விடுவிக்கப்பட்ட பலரைப் புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பு பதிவுசெய்து, காசுக்குப் பதிலாகத் தொழிலுக்கு வேண்டிய பொருள்களை வழங்கியது. குறைந்த வட்டியில் சுயதொழில் கடன் திட்டமும் இருந்தது. இவற்றின் பயனைக் குறைத்துச் சொல்ல முடியாது. நீர் இறைக்கும் மெசின் ஒன்று கிடைத்த குடும்பத்துக்கு அது அந்த ஆண்டின் பெரிய வரவு. ஆனால் மெசினை வைத்து இறைக்கக் கிணறு வேண்டும். கிணற்றுக்குக் காணி வேண்டும். காணியில் குந்தி நடுவதற்கு ஆட்கள் வேண்டும். அந்த மூன்றையும் வீட்டார் கொடுத்தனர்.

வீட்டாரின் வேலை விடுதலைக்கு முன்பே தொடங்கிவிட்டது. பிள்ளை எந்த நிலையத்தில் இருக்கிறார் என்று அறிந்து, பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் அலைந்து, விதானையாரிடம் கடிதம் வாங்கி, பேருந்து ஏறிப் போய்ப் பார்த்து வந்தவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் மனைவிமாருமே. அந்தக் காலத்தில் வீட்டில் உழைக்கும் ஆண் இல்லை. போரில் கணவரை இழந்த பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் சுமார் 89,000 பேர் என்று 2010இல் அரசு கூறியது. கணவர் தடுப்பில் இருந்த பெண்கள் அந்தக் கணக்குக்கு வெளியே நின்றவர்கள். கூலிக்குக் களை பிடுங்கியும் வெங்காயம் நட்டும் சமாளித்த அவர்கள், தோட்ட வேலையை அப்போதே கையில் பழகிக்கொண்டனர். கணவர் திரும்பியபோது தோட்டத்தில் அனுபவம் மிகுந்தவர் மனைவியாகவே இருந்தார்.

நிலாவெளியின் மண் கடலோர மணல். மழைநீர் அந்த மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. ஆழமில்லாத கிணறு வெட்டினாலே தண்ணீர் வரும். அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறிவிடும். 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை இந்தக் கரையில் புகுந்தபோது கிணறுகள் உப்பாயின. அடுத்தடுத்த மாரிமழைதான் அந்த உவரைக் கழுவியது. மணல் மண் வெங்காயத்துக்கு ஏற்றது: வேர் தளர்வாக ஓடும், குமிழ் பருக்கும், பிடுங்கும்போது சேதப்படாது. நீரைப் பிடித்து வைக்காது என்பதே அதன் குறை. ஆகவே வெங்காயம் நட்ட தோட்டத்துக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவையாவது தண்ணீர் கட்டியே ஆக வேண்டும்.

அந்த இறைப்பில்தான் குடும்பத்தின் பங்கு கண்ணுக்குத் தெரியும். ஒருவர் கிணற்றடியில் மண்ணெண்ணெய் மெசினைக் கயிறு சுற்றி இழுத்து முடுக்கி, அதன் பக்கத்திலேயே நிற்கிறார். இன்னொருவர் தோட்டத்துக்குள் மண்வெட்டியோடு வாய்க்கால் வழியே நடந்து, ஒரு பாத்தி நிறைந்ததும் வாயை அடைத்து அடுத்த பாத்தியின் வாயைத் திறந்துவிடுகிறார். இதைத் தண்ணீர் மாறுதல் என்பார்கள். பாத்தி நிரம்பிக் கரை உடையவும் கூடாது, கடைசிப் பாத்தி காய்ந்து போகவும் கூடாது. கண்ணும் கையும் ஒன்றாக ஓட வேண்டிய வேலை. முழங்காலிலோ முதுகிலோ எறிகணைச் சிதறலைச் சுமப்பவரால் சேற்றுக்குள் அப்படி ஒரு மணி நேரம் குனிந்து நிமிர முடியாது. அவர் மெசினடியில் நிற்க, மனைவி தண்ணீர் மாறுவார். பிள்ளை பள்ளிக்கூடம் போகுமுன் வந்து ஒரு கை கொடுக்கும். ஆணுக்குப் பாரமான வேலை, பெண்ணுக்கு இலகுவான வேலை என்ற ஊர்வழக்கம் இந்த வீடுகளில் அப்படியே தலைகீழாகி, நாளடைவில் யாரும் கவனிக்காத சாதாரண விடயமாகிவிடுகிறது.

நடுகையும் அப்படித்தான். சின்ன வெங்காயத்தை இங்கே பெரும்பாலும் குமிழிலிருந்தே பயிராக்குகிறார்கள். ஏக்கருக்கு அரைத் தொன் அளவில், ஏறத்தாழப் பத்து அந்தர், விதை வெங்காயம் வேண்டும். காய்ந்த தாளையும் சருகையும் நீக்கி, குமிழ்களைப் பிரித்து, ஈரப் பாத்தியில் நாலு விரல் இடைவெளியில் வரிசையாக ஊன்றுவார்கள். நாள் முழுக்கக் குந்தியிருக்க வேண்டிய வேலை இது. கூலிக்குப் பிடித்தால் செலவின் பெரும்பகுதி இதற்கே போய்விடும். சகோதரிகளும் மைத்துனிமாரும் சேர்ந்து ஒருவர் தோட்டத்தில் இன்று, மற்றவர் தோட்டத்தில் நாளை என்று மாறி மாறி நட்டுக்கொள்வதால்தான் கால் ஏக்கர்க்காரரும் தாக்குப்பிடிக்கிறார். இரண்டு இரண்டரை மாதத்தில் தாள் மஞ்சளாகிச் சரியும். பிடுங்கி, வெயிலில் உலர்த்தி, தாளோடு பிடிபிடியாகக் கட்டி, அடுத்த போகத்துக்கான விதையைக் கூரையின் கீழ்க் காற்றோட்டமாகத் தொங்கவிடுகிறார்கள். விலை நன்றாக இருக்கும் நேரம் அந்த விதையையும் விற்றுவிடத் தோன்றும். கடன்காரர் வாசலில் நின்றாலும் விதையை இறக்கவிடாமல் காப்பது வீட்டுப் பெண்ணின் பொறுப்பு. மறு போகம் நடப்பதும் நடக்காததும் அந்த உறுதியைப் பொறுத்தது.

காணி எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் முக்கியமானது. கிழக்குக் கரையில் வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போவது பரவலான வழக்கம். ஆண் கல்யாணமாகி மனைவியின் வீட்டுக்குக் குடிபோவார். ஆகவே தடுப்பிலிருந்து வந்தவர் கொத்தும் நிலம் பல இடங்களில் மனைவியின் சீதனக் காணி, அல்லது மாமனார் செய்கைக்கு விட்ட காணி. மகளை இப்படிப்பட்ட ஒருவருக்குக் கட்டிக்கொடுப்பதற்கே பல பெற்றோர் தயங்கிய காலம் அது. விசாரணை வரும், மறுபடி பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. அந்தப் பயத்தையும் மீறிப் பெண்ணையும் காணியையும் கொடுத்த மாமனார்மார் செய்தது பெரிய காரியம்.

அரச காணியில் அனுமதிப்பத்திரத்தோடு இருப்பவர்களுக்கு வேறு சிக்கல். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி வழங்கப்படும் பத்திரம் ஒருவர் பெயரில் இருக்கும். அதை விற்கவோ விரும்பியபடி பிரிக்கவோ முடியாது. தகப்பன் பெயரிலுள்ள காணியில் இரண்டு மகன்மார் பயிர் செய்தாலும், சட்டத்தின் கண்ணில் உரித்தாளர் ஒருவரே. மற்றவர் வங்கிக்குப் போனால் ஈடு வைக்க ஒன்றும் இல்லை. பின்னுரித்தில் ஆண்பிள்ளைக்கு இருந்த முன்னுரிமை 2022இல் செய்யப்பட்ட திருத்தத்தோடு நீங்கியது. இடம்பெயர்ந்திருந்தபோது பிறர் பிடித்துக்கொண்ட தனியார் காணிகளுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயற்பாடுகளால் தம் காணிக்கு வர முடியாமல் இருந்தவர்களுக்கு எதிராக ஆட்சியுரிமைக் காலத்தை எண்ண முடியாது என்று அது வகுத்தது. நீதிமன்றம் போக நேரமும் காசும் உள்ளவர்களுக்கே அது முழுப் பயன் தந்தது. குச்சவெளிப் பிரிவில் வனத் திணைக்களமும் தொல்பொருள் திணைக்களமும் எல்லை குறித்த காணிகள் தொடர்பான பிணக்குகள் தனி. அந்த எல்லைக்குள் அகப்பட்ட கமக்காரருக்குப் பழைய பத்திரமும் கைகொடுப்பதில்லை.

முதல் என்று வரும்போது குடும்பத்தின் நகைதான் முதல் வங்கி. தாலிக்கொடியைத் தவிர மற்றதெல்லாம் அடகுக்கடைக்குப் போய், வெங்காயம் விற்றதும் மீண்டு, அடுத்த நடுகைக்கு மறுபடி போகும். அரச வங்கிக் கடனுக்குப் பிணையாளர் வேண்டும்; இயக்கத்தில் இருந்தவருக்குப் பிணை நிற்கச் சம்பளக்காரர் எளிதில் முன்வருவதில்லை. அந்த இடைவெளிக்குள் நுண்கடன் நிறுவனங்கள் நுழைந்தன. வீட்டு வாசலுக்கே வந்து, பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கொருவர் பிணையாக்கிக் கடன் கொடுத்து, வாரந்தோறும் தவணை கேட்டன. வெங்காயக் காசு இரண்டரை மாதத்துக்கு ஒரு தடவை வருவது. வாரத் தவணையைக் கட்ட இன்னொரு கடன் எடுக்க வேண்டியதாயிற்று. கணவரின் தோட்டத்துக்காக மனைவி பட்ட கடன் இது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1,00,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களில் நிலுவையில் நின்றவற்றை அரசு பொறுப்பேற்க முன்வந்தது. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் போடப்பட்டது. 35 வீதம் என்பதே ஒரு கமக்காரருக்குத் தாங்காத வட்டி.

இயக்கத்தில் இருந்த பெண்களின் நிலை இன்னும் கடினம். போராளி ஆணுக்கு வீடு திரும்பியதும் ஒரு மரியாதையாவது எஞ்சியிருந்தது. பெண்ணைப் பற்றி ஊர் வேறு விதமாகப் பேசியது. கூந்தலை வெட்டியவள், துவக்குத் தூக்கியவள், தடுப்பில் இருந்தவள் என்று கல்யாணப் பேச்சு முறியும். இப்படிப்பட்ட மகளுக்குத் தாய் தன் வளவின் பாதியில் கோழியும் கத்தரியும் மிளகாயும் வைக்க இடம் கொடுத்து, சந்தைக்குத் தானே கொண்டுபோய் விற்று, ஊராருக்கு முன்னால் அவளைத் தன்னோடு கோயிலுக்கு அழைத்துப் போவது வெளியார் கண்ணுக்குச் சின்னக் காரியமாகத் தோன்றலாம். அந்தப் பெண் மறுபடி ஊரில் தலைநிமிர்ந்து நடப்பது அதிலிருந்துதான் தொடங்குகிறது. எந்தப் பயிற்சி நிலையத்தாலும் இதைச் செய்து கொடுக்க முடியாது.

திருகோணமலை மாவட்டத்தில் துப்பாக்கியும் மண்வெட்டியும் ஒரே வீட்டில் இருந்தது தமிழருக்கு மட்டும் நேர்ந்ததன்று. கோமரங்கடவல, மொரவெவ போன்ற சிங்களக் கிராமங்களில் பகலில் வயல் செய்தவர்கள் இரவில் ஊர்காவற்படையினராகக் காவல் நின்றனர். முஸ்லிம் ஊர்காவற்படையினரும் இருந்தனர். அந்தப் படை 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் ஆயிற்று. போருக்குப் பின் அதே திணைக்களம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பண்ணைகள் நடத்தி, முன்னாள் போராளிகளை மாதச் சம்பளத்துக்கு எடுத்தது. விசுவமடுப் பண்ணைக்குப் பொறுப்பாயிருந்த கேணல் ரத்னப்பிரிய பந்து 2018 ஜூனில் மாற்றலாகிப் போனபோது தொழிலாளர்கள் அழுது வழியனுப்பிய காட்சி நாடெங்கும் பேசப்பட்டது. தமிழர் காணியில் படையினர் பண்ணை நடத்துவது சரியா என்ற கேள்வி நியாயமானது, அது இன்றும் நிற்கிறது. ஆனால் மனைவிமாரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தக் கண்ணீர் விளங்கும்: மாத முடிவில் கைக்கு வரும் சம்பளம், மழை பொய்த்தாலும் விலை விழுந்தாலும் குறையாது.

வீட்டாரின் உழைப்பே கமத்தை நிலைநிறுத்துகிறது என்பதை வேறு நாடுகளின் அனுபவமும் காட்டுகிறது. முதலாம் உலகப் போருக்குப் பின் அவுஸ்திரேலியா சுமார் 37,000 முன்னாள் வீரர்களுக்குக் காணி கொடுத்துக் குடியேற்றியது. பெருந்தொகையானோர் கடனில் மூழ்கிக் காணியை விட்டுப் போனார்கள். 1929இல் நீதியரசர் பைக் கொடுத்த அறிக்கை முதலின்மை, போதாத நிலம், பயிற்சிக் குறைவு, விளைபொருள் விலை வீழ்ச்சி ஆகியவற்றைக் காரணமாகச் சொன்னது. நின்று பிடித்த பண்ணைகளில் மனைவியும் பிள்ளைகளும் கூலியின்றிப் பால் கறந்து, வேலி அடைத்து உழைத்திருந்தனர். இந்தியா 1969 முதல் பெரிய நிக்கோபாரின் கேம்பல் பே பகுதியில் 300க்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களைக் குடியேற்றியது; அவற்றில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அங்கே குடியேற்றம் குடும்பம் குடும்பமாக நடந்தது. காடு வெட்டித் தென்னையும் கமுகும் வளர்த்த அந்தக் குடும்பங்களின் கரையோர நிலத்தை, நிலாவெளியைத் தாக்கிய அதே 2004 ஆழிப்பேரலை விழுங்கியது.

நிலாவெளித் தோட்டக்காரருக்கு அடுத்த சோதனை 2021இல் வந்தது. அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது சேதம் நடந்து முடிந்திருந்தது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு. மெசினுக்கு மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நாள்கணக்காக நின்றவர்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும். ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. பல வீடுகளில் செய்கையைப் பாதியாகக் குறைத்து, கிணற்றுக்குப் பக்கத்துப் பாத்திகளை மட்டும் வாளியால் ஊற்றிக் காப்பாற்றினார்கள். விலைப் பக்கத்திலும் நிச்சயம் இல்லை. இந்திய வெங்காயம் கப்பலில் வந்திறங்கும் மாதத்தில் தோட்டத்து விலை விழும். 2023 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியபோது ஏறியது. உள்ளூர் அறுவடை நேரத்தில் இறக்குமதி வரியை உயர்த்த வேண்டும் என்ற கமக்காரர் அமைப்புகளின் கோரிக்கை ஆண்டுதோறும் எழுவது. அது நேரத்துக்கு நடந்தால் எந்த மானியத்தையும் விட இந்த வீடுகளுக்கு அதிகம் உதவும்.

முன்னாள் போராளிகளுக்கென்று இப்போது தனிப் புனர்வாழ்வுத் திட்டம் நடைபெறவில்லை. 2023 தொடக்கத்தில் நிறைவேறிய புனர்வாழ்வுப் பணியகச் சட்டம் முதன்மையாகப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களுக்கானது. கந்தக்காடு நிலையமும் அவர்களுக்கே பயன்படுகிறது. கமநல சேவை நிலையத்தில் மற்றக் கமக்காரரோடு ஒருவராக வரிசையில் நின்று பசளை வாங்குவதை முன்னாள் போராளிகள் பலர் விரும்புகிறார்கள். அந்தச் சமநிலையைப் பெறத்தான் இத்தனை ஆண்டு பாடுபட்டார்கள். தீராமல் இருப்பது உடம்பில் உள்ள காயம். போரில் ஊனமுற்ற அரச படைவீரருக்கு ஓய்வூதியம் உண்டு. அவர்களின் குடும்பங்களுக்காக 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரணவிரு சேவா அதிகாரசபையும் இயங்குகிறது. முன்னாள் போராளிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. வயது ஏற ஏறச் சிதறல் துண்டுகள் நோகத் தொடங்கும். முள்ளந்தண்டில் காயம்பட்டவர்களுக்குப் படுக்கைப்புண் வரும். மருந்துக்கும், திருகோணமலை ஆஸ்பத்திரிக்கும் அதற்கு அப்பாலும் போய்வரும் செலவுக்கும், உடன் போகிறவரின் ஒரு நாள் கூலிக்கும் வெங்காயம் விற்ற காசிலிருந்தே எடுக்கிறார்கள். அன்றைய தண்ணீர் இறைப்பைப் பக்கத்து வளவு மச்சான் பார்த்துக்கொள்கிறார்.